அம்மா லெஃப்ட்

இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், பிள்ளைகள் எதையும் தொட்டு உடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று பிரின்சிபால் சொல்லி அனுப்பியிருந்தார், எமல்டாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், கல்லூரி செமினார் ஹாலின் கதவோரம், வருகைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணை இழுக்க. பதினாறு வருஷம் நூலக உதவியாளராக இருந்ததில் அவளுக்கு நன்றாகக் கைவந்தது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதுதான். நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, கடைகளில் விற்பதை நிறுத்திவிட்ட சாமான்களை எல்லாம் வரிசையாக வைத்திருந்தார் அந்த மனிதர். நாடிமுத்து என்று பேர், பட்டுக்கோட்டைப் பக்கம், ஐம்பத்தைந்து வயது இருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு பழைய மின்சாதனங்களைச் சேர்ப்பதே வேலையாக இருக்கிறாராம், காலையில் வேனில் கொண்டுவந்து இறக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் வாங்கினார். பச்சை எழுத்து ஓடும் கம்ப்யூட்டர், அப்பளம் மாதிரி வளையும் பெரிய ஃபிளாப்பி, கேசட் போட்டுப் புரோகிராம் ஏற்றும் பொம்மைக் கம்ப்யூட்டர், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், வி.சி.ஆர்., வாக்மேன். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை, அதில் வந்த வருஷம், ஒரு கோடு, நின்ற வருஷம். காசிமேடு கல்லறையில் அப்பாவின் கல்லில் இருப்பது போலவே இருக்கிறது என்று எமல்டா நினைத்தாள், உடனே அந்தக் கல்லைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்றும் நினைத்தாள், வாக்மேனைப் பார்த்ததும் மூத்த அண்ணன் சிங்கப்பூர்க் கப்பலில் இருந்து இறங்கி வந்து அதை அவள் காதில் மாட்டிவிட்டது ஞாபகம் வந்தது, அந்த ஸ்பாஞ்சின் வாசனை, கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் பிறத்தியார் தலை எண்ணெய்.

ஸ்பாஞ்ச் என்றதும் ஞாபகம் அண்ணனின் வாக்மேனிலிருந்து நழுவி இன்னொரு ஸ்பாஞ்சுக்குப் போயிற்று. நுங்கம்பாக்கத்தில் மூன்றாவது மாடி, பேஜர் கம்பெனி, ஷிஃப்டுக்கு முப்பத்திரண்டு பெண்கள், முந்தின ஷிஃப்டுக்காரி கழற்றிவைத்த ஹெட்போனைத்தான் இவள் மாட்டிக்கொள்ள வேண்டும், சூடு ஆறியிருக்காது. ஏசி எலும்புவரை போகும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருவார்கள், வெளியே சென்னை வெயில் கொளுத்தும். போன் வரும், பேஜர் நம்பரைக் கேட்க வேண்டும், சேதியைக் கேட்க வேண்டும், அடிக்க வேண்டும், அடித்ததைப் படித்துக்காட்ட வேண்டும், அடுத்த போன். எல்லாம் நாற்பது வினாடிக்குள். தமிழில் சொன்னால் இங்கிலீஷில் சுருக்கி அடிக்க வேண்டும், தமிழ் எழுத்து அந்தக் குட்டிப் பெட்டிக்குத் தெரியாது. சீக்கிரம் வீட்டுக்கு வாங்க, கேஸ் தீந்துபோச்சு. சரக்கு இறங்கியாச்சு. பொண்ணு பொறந்திருக்கு. ஐ லவ் யூ என்று அடிக்கச் சொல்லிவிட்டு எதிர்முனையில் வெட்கப்பட்டு மூச்சுவிடும் பையன்கள். ஊர் பூராவும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்த அத்தனை பேருக்கும் சேதி இவள் விரல்வழியாகத்தான் போயிற்று, ஒருவர் முகம்கூடத் தெரியாது. அது நல்ல வேலை என்றுதான் இருபத்திரண்டு வயதில் நினைத்தாள். இப்போதும் அப்படித்தான் நினைத்தாள். இந்த ஹாலில் உட்கார்ந்து அதை நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, எழுந்துபோய் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, நானும் இதில் இருந்தவள்தான் என்று.

ஏனென்றால் நாடிமுத்து அப்போது பேஜரைத்தான் கையில் எடுத்திருந்தார். ஆறேழு மாணவிகள் சுற்றி நின்றார்கள், ஒருத்தி, "சார், இது கால்குலேட்டரா?" என்றாள். அவர் சிரித்தார். "இது பேஜரும்மா. இதுல பேச முடியாது, திருப்பி எதுவும் அனுப்பவும் முடியாது. வர்றத படிச்சுக்கலாம், அவ்வளவுதான். ஒருவழிப் பாத." இதுவரை எல்லாச் சாமானுக்கும் விலை, வருஷம், எடை என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இதற்கு அதையெல்லாம் சொல்லவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "பாக்கி எல்லாம் நான் விலைக்கு வாங்கினது. இது மட்டும் என்னோடது. தொண்ணூத்தெட்டுல ஆபீஸ்ல குடுத்தாங்க. இதாலதான் எங்கம்மாவுக்கு நான் கொள்ளி வைக்கல."

எமல்டாவுக்குக் கண்ணிலிருந்த தூக்கம் போய்விட்டது, ஆனால் பயம் இன்னும் வரவில்லை, யாரோ ஒருவரின் துக்கத்தைக் கேட்கும்போது வரும் சாதாரணக் கவனம்தான். அவர் சொல்லிக்கொண்டே போனார். "எங்கம்மாவுக்குக் கண்ணுல புரை. மெட்ராசுல ஆபரேஷனுக்குச் சொல்லிவெச்சிருந்தேன். அம்மா பஸ் ஏறினதும் தங்கச்சி பூத்துல இருந்து எனக்குப் பேஜர் பண்ணணும், நான் பாரிஸ் கார்னர்ல திருவள்ளுவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி கூட்டிட்டு வரணும். இதான் ஏற்பாடு. ஆகஸ்ட் பதினாறு, ஞாயித்துக்கிழம, காலைல ஏழே முக்காலுக்கு இது கூவுச்சு. எடுத்துப் பாத்தா, அம்மா லெஃப்ட். அம்மா கிளம்பிட்டாங்க. கீழ தங்கச்சி பேரு. செந்தாமரைன்னு பேரு அதுக்கு, இதுல சென்தான்னு பாதியில நிக்கும். நான் மத்தியானமே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். ஒரு பஸ் வருது, அம்மா இல்ல. அடுத்தது வருது, இல்ல. ஃபிளாஸ்க்ல காபி வெச்சிருந்தேன், ஆறிப்போச்சு. அஞ்சு மணிக்குப் பக்கத்து வீட்டு நம்பருக்கு எஸ்.டி.டி. போட்டேன், அடிக்குது, அடிக்குது, எடுக்க ஆள் இல்ல. ஏன் இல்லன்னா, அந்த வீட்டு ஆளுங்க அத்தன பேரும் எங்க வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. அம்மா விடியக்காலையிலேயே நெஞ்சு வலில செத்துப்போச்சு. பொழுது சாயறவரைக்கும் எனக்காகப் பாத்துட்டு, தாய்மாமன் கொள்ளி வெச்சாரு."

"அய்யோ," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, கண்ணாடி போட்டவள், கேட்டாள்: "அப்ப உங்க தங்கச்சி ஏன் சார் அப்படி அனுப்பினாங்க?" "அதத்தான் நானும் கேட்டேன். பதினேழு வயசு, பதட்டம், கிளம்பிட்டாங்கன்னு வாய்தவறிச் சொல்லியிருக்கும். அத ஒத்துக்கிட்டிருந்தா விட்ருப்பேன். இல்லண்ணே, நான் போயிட்டாங்கன்னுதான் சொன்னேன்னு ஒரே சாதிப்பு. எழுத்துல இருக்குடி, பாருன்னு இத மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அப்பயும் அதே பேச்சு. அதோட விட்டது. அது கல்யாணத்துக்கும் நான் போகல." மூன்று மணி பெல் அடித்தது. பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கலைந்தார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போடாமலே ஒருத்தி போனாள், எமல்டா அவளைக் கூப்பிடவில்லை.

போயிட்டாங்க. எமல்டா அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். போயிட்டாங்க என்றால் லெஃப்ட். அவள் எத்தனை தரம் அடித்திருப்பாள், சார் போயிட்டாரு, லெஃப்ட், டிரைவர் போயிட்டான், லெஃப்ட், பார்ட்டி போயிட்டாங்க, லெஃப்ட், விரலே அடித்துவிடும், மனசுக்கு வேலையே கிடையாது. சாவு என்றால் அதற்கு வேறே சொல் வைத்திருந்தார்கள், எக்ஸ்பயர்ட், ஸ்டார்ட் இம்மீடியட்லி, அதை அடிக்கும்போது எல்லாப் பெண்களும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் எக்ஸ்பயர்ட் அடிக்க வேண்டுமென்றால் கூப்பிடுகிறவர் சொல்ல வேண்டும், செத்துட்டாங்க என்று. யார் சொல்வார்கள். பெற்ற தாயை எந்தப் பிள்ளை வாய்திறந்து செத்துட்டாங்க என்று சொல்லும். அப்பா இறந்தபோது அவளே சொல்லவில்லையே, கப்பலில் இருந்த அண்ணனிடம், அண்ணா, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருண்ணா என்றுதானே சொன்னாள், அதை எவளாவது இடையில் உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்திருந்தால் என்னவாகியிருக்கும். முப்பத்திரண்டு பேர், மூன்று ஷிஃப்ட், தொண்ணூற்றாறு பேர். சென்னையில் வேறே பேஜர் கம்பெனிகளும் இருந்தன. எவளோ அடித்தது. எவளோ. ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்டில் பாதிப் பேர்தான் வருவார்கள், கிறிஸ்தவப் பிள்ளைகள் பூசைக்கு என்று லீவு கேட்பார்கள், எமல்டாவும் கேட்பாள், ஆனால் ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள், சனிக்கிழமையே கோயிலுக்குப் போய்விட்டதால் மறுநாள் பூசையை விட்டுவிட்டு டியூட்டிக்கு வந்தாள், திருநாளுக்கு எடுத்த மாம்பழ நிறச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, எல்லாரும் பார்க்க வேண்டுமென்று. இது எப்படி ஞாபகம் இருக்கிறது. ஏன் இருக்கிறது. வராதே, வராதே என்று அவள் அதைத் தள்ளத் தள்ள அந்தச் சுடிதாரின் கழுத்து ஜரிகை குத்தியதுகூட வந்தது, ஹெட்போனில் இரைச்சல், ஏதோ கடலுக்கு அந்தப்பக்கமிருந்து வருவது போல ஒரு சின்னப் பெண்ணின் குரல். பேரு என்னம்மா? செந்தாமரை. ஸ்பெல்லிங்? தெரியாது. பெரிய பேராக இருந்தது. எஸ், இ, என், டி, ஹெச், ஏ. பின்னால் சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம் நெருங்கியது, சரி போதும், வீட்டு ஆளுக்குப் புரியும் என்று அதோடு நிறுத்தி அனுப்பினாள்.

அவள் நிறுத்தினாள். சென்தா. பாதியில் நிற்கிறது என்று இப்போது சொன்னாரே, அது தானாக நிற்கவில்லை, இவள் நிறுத்தியது. எமல்டாவின் மடியிலிருந்து பதிவேடு சரிந்து விழுந்தது, அந்தச் சத்தத்துக்கு நாடிமுத்து திரும்பிப் பார்த்து, "ஃபேன் போடட்டுமா மேடம், வேர்க்குதே உங்களுக்கு," என்றார். நல்ல மனிதர். வேண்டாம் என்று தலையாட்டினாள். இப்படியே உட்கார்ந்திருந்தால் நாலு மணி ஆகிவிடும். அவர் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வேனில் ஏற்றிப் போய்விடுவார், அவருக்கு இவள் கதவோரம் தூங்கி வழிந்த ஒரு மேடம், அவ்வளவுதான். இருபத்தேழு வருஷம் கழித்து யார் வந்து கேட்கப் போகிறார்கள். கம்பெனியையே மூடிவிட்டார்கள். செத்தவள் செத்தவள்தான், சொன்னால் எழுந்து வருவாளா. ஆனால் அந்தத் தங்கை. அவள் செத்துப்போகவில்லை. அவள் எங்கேயோ இருக்கிறாள், நான் சரியாகத்தான் சொன்னேன் என்று இருபத்தேழு வருஷமாக, ஒருவரும் நம்பாமல், ஒருவேளை இப்போது அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும், நான் கிளம்பிட்டாங்க என்றுதான் சொல்லிவிட்டேனோ, என் வாயால்தான் அண்ணன் வராமல் போனானோ என்று அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருப்பாள். அவள் சொன்னதைக் கேட்ட காது உலகத்திலேயே ஒன்றுதான். அது இதோ, இந்தத் தலையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கம்மல் மாட்டிக்கொண்டு. நான் படித்துக்காட்டினேனே, அம்மா லெஃப்ட், சரிங்களா என்று கேட்டேனே, அவள் சரிக்கா என்றாளே. இங்கிலீஷ் தெரியாத பிள்ளையிடம் இங்கிலீஷில் படித்துக்காட்டினேன். மாதாவே. எழுந்திரு என்று தனக்குத்தானே சொன்னாள், எழவில்லை, மறுபடி சொன்னாள். எழுந்து எப்படி மேசைவரை நடந்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"சார், உங்க தங்கச்சி கிளம்பிட்டாங்கன்னு சொல்லல சார்."

நாடிமுத்து ஒரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்ன மேடம்?"

"போயிட்டாங்கன்னுதான் சொன்னாங்க. நான்தான் லெஃப்ட்னு அடிச்சேன். பேரப் பாதியில விட்டதும் நான்தான். நான் அப்ப அந்தக் கம்பெனில ஆபரேட்டர் சார்."

அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார், ஏதோ விளையாட்டு என்பது போல. பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே கிடந்து காய்ந்தது. வயர் கையிலிருந்து அவிழ்ந்து தொங்கியது. திட்டுவார் என்று எமல்டா காத்திருந்தாள், அடித்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவர் ஒரு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "நீங்களா," என்றார். மறுபடியும், "நீங்களா." பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "ஒரு வார்த்த கேட்ருக்கலாமே மேடம். எங்க போயிட்டாங்கன்னு ஒரு வார்த்த."

கேட்டிருக்கலாம். நாற்பது வினாடியில் கேட்டிருக்கலாம். அவர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "என் மூஞ்சியப் பாத்துச் சொன்னா மேடம். அம்மா படத்துல அடிச்சு சத்தியம் பண்ணுனா. பொய் சத்தியம் பண்றியாடின்னு கைய ஓங்கிட்டேன். பதினேழு வயசுப் புள்ள." வெளியே தாழ்வாரத்தில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். எமல்டா, "அவங்க நம்பர் இருக்கா சார்?" என்று கேட்டாள், கேட்டபிறகுதான் தான் கேட்டது அவளுக்கே தெரிந்தது. "இருக்கு. என் வீட்டுக்காரி போட்டுக் குடுத்தா, ஆறு வருஷமாச்சு. அடிச்சதில்ல." செல்போனை எடுத்தார், பெயரைத் தேடினார், தவறி வேறே யாருக்கோ போய்க் கட் செய்தார். கடைசியில் போனை அவளிடமே நீட்டினார். "நீங்க சொல்லுங்க. என் குரலக் கேட்டா வெச்சுரும்."

போனில் மணி அடித்தது. ஐந்து தரம், ஆறு தரம். எடுக்க வேண்டாம், எடுக்காமலே போகட்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. "அலோ, யாரு?" என்றது ஒரு பெண் குரல், நடுத்தர வயசுக் குரல், பின்னால் குக்கர் விசில். எமல்டா சொன்னாள். எந்த வரிசையில் சொன்னாள் என்று தெரியாது, பேஜர் என்றாள், ஆகஸ்ட் என்றாள், நான்தான் லெஃப்ட்னு அடிச்சது, நீங்க சரியாத்தான் சொன்னீங்க, உங்க மேல தப்பே இல்ல, உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், என்ன மன்னிச்சுருங்கம்மா என்றாள். குக்கர் இன்னொரு விசில் அடித்தது, யாரோ அதை அணைத்தார்கள்.

"அன்னைக்கு போன எடுத்த அக்காவா?" என்றாள் செந்தாமரை.

"ஆமாம்மா."

"உங்கள நான் மறக்கவே இல்லக்கா." அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் எமல்டாவை உறையவைத்தது. "நான் அழுதுட்டே இருந்தேன்ல, வார்த்தையே வரல. நீங்கதான் சொன்னீங்க, அழாதம்மா, பத்திரமா போய்ச் சேந்துருவாங்கன்னு. அன்னைக்கு எங்கூட்டுக்கு வந்த ஊருசனம் பூரா அண்ணன் எங்கடி, அண்ணனுக்குச் சொன்னியாடின்னுதான் என்னயப் புடிச்சு உலுக்குச்சு. எனக்குன்னு ஒரு நல்ல வார்த்த சொன்னது நீங்க ஒருத்தர்தான். எம்புட்டு நாள் அத நெனச்சுட்டுப் படுத்திருக்கேன். பத்திரமா போய்ச் சேந்துருவாங்க. முகம் தெரியாத ஒரு அக்கா சொல்லிச்சுன்னு எம் மவள்கிட்டகூடச் சொல்லிருக்கேன்."

எமல்டாவுக்கு இது ஞாபகத்தில் இல்லவே இல்லை. இரைச்சல் என்று நினைத்தாளே, அது லைன் இரைச்சல் இல்லை, அழுகை. அது அழுகை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், அம்மாவை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஒரு பிள்ளை இப்படி அழுகிறதே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள், மாம்பழச் சுடிதார் போட்ட இருபத்திரண்டு வயசுக்காரி, பத்திரமா போய்ச் சேந்துருவாங்க என்று. பஸ்ஸைச் சொன்னாள். ஒரு பஸ்ஸைச் சொன்னாள். அந்தப் பிள்ளை அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய், இத்தனை வருஷம் அணையாமல் வைத்திருக்கிறது. பஸ்ஸைத்தான் சொன்னேன் என்று சொல்லிவிடலாம், இன்றைக்கு எல்லாவற்றையும்தான் சொல்லியாயிற்று, இதையும் சொல்லிவிட்டால் பாரம் தீர்ந்துவிடும், தன் பாரம் மட்டும். வாயைத் திறந்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"சேந்துருப்பாங்கல்லக்கா?"

எமல்டா கண்ணை மூடிக்கொண்டாள். "சேந்துருப்பாங்கம்மா," என்றாள். அப்புறம், "உங்க அண்ணன் பக்கத்துல இருக்காரு. குடுக்கட்டா?"

பாத்திரத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது, பிறகு "குடுங்க" என்று வந்தது. நாடிமுத்து போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்க அழுதார். எதிர்முனையில் அந்தக் குரல், சன்னமாக, எமல்டாவுக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணே, அழாதண்ணே," என்றது. எமல்டா அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இனி சாகும்வரை யாரிடமும் சொல்ல முடியாத அந்த ஒன்றை மார்போடு அழுத்திக்கொண்டு நின்றாள்.